ஐந்து கிராம் யார் கணக்கில்?

உப்பு ஒன்றைத் தண்ணீரில் போட்டுக் கலக்குகிறோம். தண்ணீர் சில்லென்று ஆகிறது, இல்லாவிட்டால் சூடாகிறது. எத்தனை டிகிரி மாறியது என்று பார்த்து, நிறையால் பெருக்கி, தன்வெப்பத்தாலும் (ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பம்) பெருக்கினால் எவ்வளவு வெப்பம் உள்ளே போனது அல்லது வெளியே வந்தது என்று தெரிந்துவிடும். பள்ளியில் வேதியியல் எடுத்த யாரும் இந்தக் கணக்கைப் போடாமல் தப்பித்திருக்க முடியாது. சரி, நிறையால் பெருக்கு என்கிறார்களே, எதனுடைய நிறை? தண்ணீருடையதா, தண்ணீரும் உப்பும் சேர்ந்த கரைசலுடையதா? ஒரு புத்தகம் தண்ணீரின் நிறையை எடுக்கிறது, இன்னொன்று கரைசலின் நிறையை எடுக்கிறது, இரண்டுமே ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. குளிர்வது முழுக் கரைசல்தானே, அப்படியென்றால் முழு நிறையைத்தானே எடுக்க வேண்டும் என்று ஒரு கட்சி. நீ பெருக்குகிற 4.18 என்ற எண் தண்ணீருக்கானது, அதை உப்புக்கும் சேர்த்துப் பெருக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தது என்று இன்னொரு கட்சி. இரண்டையும் கேட்டால் இரண்டும் சரி மாதிரியே இருக்கும்.

நான் திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிறேன். உப்பும் சோடாவும் காஸ்டிக்கும் தினமும் கரைகிற இடம். ஆனாலும் இந்தக் கேள்வியை உட்கார்ந்து யோசிக்க வைத்தது அக்கா மகள்தான். சிபிஎஸ்இயில் பன்னிரண்டாவது படிக்கிறாள். அவர்கள் செய்முறைப் பட்டியலில் காப்பர் சல்பேட் அல்லது பொட்டாசியம் நைட்ரேட் கரையும்போது ஏற்படும் என்தால்பி மாற்றத்தை, அதாவது உள்ளே போகிற அல்லது வெளியே வருகிற வெப்பத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று உண்டு. இவளுக்கு விழுந்தது பொட்டாசியம் நைட்ரேட், அதாவது நம்ம வெடியுப்பு. 100 மில்லி தண்ணீர், 5.05 கிராம் வெடியுப்பு, தெர்மோகோல் கப், ஒரு தெர்மாமீட்டர். வெப்பநிலை 4.0 டிகிரி இறங்கியிருக்கிறது. இவள் கரைசலின் நிறையை எடுத்து மோலுக்கு (வேதியியலில் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) 35.1 கிலோஜூல் என்று எழுதினாள். புத்தகத்தில் இருப்பது 34.9. பெரிய டிக் விழுந்தது. கூடவே செய்த தோழி தண்ணீரின் நிறையை மட்டும் எடுத்தாள், 33.4 வந்தது, சிவப்பு மையில் ஒரு சுழி. "ரெண்டு பேரும் ஒரே கப்புலதான் பண்ணுனோம், ஒரே ரீடிங்தான். அவளுக்கு மட்டும் எப்படிங்க மாமா மார்க் குறையும்?" என்று கேட்டாள். தனக்கு மார்க் குறைந்தால்கூட வராத கோபம் தோழிக்குக் குறைந்ததற்கு வந்திருந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது.

கணக்கு சின்னதுதான், போட்டுப் பார்த்துவிடலாம். வெடியுப்பு ஒரு மோல் 101 கிராம். 5.05 கிராம் என்றால் ஒரு மோலில் இருபதில் ஒரு பங்கு. தண்ணீர் 100 கிராம், ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றவோ இறக்கவோ 4.18 ஜூல், இறக்கம் 4 டிகிரி. மூன்றையும் பெருக்கினால் 1672 ஜூல். அதை இருபதால் பெருக்கினால் 33.4 கிலோஜூல், தோழியின் விடை. 100-க்குப் பதில் 105.05 என்று போட்டால் 1756 ஜூல், இருபதால் பெருக்க 35.1. ஆக மொத்த வித்தியாசமும் அந்த ஐந்து கிராமில் இருக்கிறது. ஐந்து கிராமுக்கு ஐந்து சதவீதம் வித்தியாசம். பொருள் வெப்பத்தை உறிஞ்சியதால் இரண்டு பேருமே முன்னால் பிளஸ் போட்டார்கள், அதில் சண்டை இல்லை.

"105 எடுத்தால் புத்தக விடைக்குப் பக்கத்தில் வருகிறது, அதனால் 105 சரி" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பள்ளியில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் போல. எனக்கு அது தொண்டையில் நின்றது. விடை பொருந்துகிறது என்பதற்காக வழியும் சரி என்று எடுத்துக்கொண்டால், லேப் வேலையில் என்றைக்காவது ஒருநாள் வசமாக மாட்டுவோம்.

உப்புத் தண்ணீரைக் கேட்டுப் பார்த்தால்

பஞ்சில் சாயம் ஏற உப்பு வேண்டும். ரியாக்டிவ் சாயம் போடுகிற எந்தப் பட்டறையிலும் சமையல் உப்போ சோடியம் சல்பேட்டோ மூட்டை மூட்டையாக இறங்கும். அதனால் உப்புக் கரைசலின் அடர்த்தி, தன்வெப்பம் எல்லாம் எங்கள் அட்டவணைகளில் இருக்கும், ஹீட் எக்ஸ்சேஞ்சர் கணக்குக்குத் தேவைப்படும். ஒரு சாயங்காலம் அந்த அட்டவணையை வேறு வேலையாகப் புரட்டியபோது கண்ணில் பட்டதுதான் இந்தச் சண்டைக்குத் தீர்ப்பு. பத்து சதவீத சமையல் உப்புக் கரைசலின் தன்வெப்பம் கிராமுக்கு 3.7 ஜூல் சுற்றுவட்டாரம்.

இதை வைத்துப் பாருங்கள். 10 கிராம் உப்பும் 90 கிராம் தண்ணீரும் சேர்ந்து 100 கிராம் கரைசல். அதை ஒரு டிகிரி ஏற்ற உண்மையிலேயே தேவைப்படுவது 370 ஜூலுக்குக் கொஞ்சம் மேலே. கரைசலின் நிறையை 4.18-ஆல் பெருக்குகிறவர் 418 என்பார். தண்ணீரை மட்டும் எடுக்கிறவர் 90-ஐ 4.18-ஆல் பெருக்கி 376 என்பார். யார் பக்கத்தில் நிற்கிறார்? தோழி! சிவப்புச் சுழி வாங்கிய பெண்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறாள். உப்பு அங்கே இருந்தும் வெப்பக் கணக்கில் இல்லாத மாதிரி இருக்கிறது. இன்னும் சொல்லப்போனால், உப்பு கரைந்த பிறகு தண்ணீரின் வெப்பக் கொள்ளளவே ஒரு துளி குறைந்துவிடுகிறது.

முதல் பார்வைக்கு இது அநியாயம் மாதிரித் தெரியும். ஒரு பொருளைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறோம், சூடாக்குவதற்கு இன்னும் அதிக வெப்பம் அல்லவா கேட்க வேண்டும்? ஆனால் தண்ணீரின் 4.18 என்பதே சாதாரண எண் இல்லை. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பில் கைகோத்திருக்கின்றன, சூடேற்றும்போது அந்தப் பிணைப்புகளைத் தளர்த்தவும் வெப்பம் செலவாகிறது, அதனால்தான் இவ்வளவு பெரிய எண். உப்பு கரைந்ததும் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் தங்களைச் சுற்றியுள்ள தண்ணீரை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிடிபட்ட தண்ணீர் பழையபடி வெப்பத்தை விழுங்குவதில்லை. உப்பு கொண்டுவந்த கொஞ்சநஞ்சக் கொள்ளளவையும் இந்த இழப்பு தின்றுவிடுகிறது. மின்சுமை உள்ள எளிய உப்புகளுக்கு, நீர்த்த கரைசலில், தண்ணீரை மட்டும் எடுப்பது சோம்பேறித்தனமாகத் தெரிந்தாலும் நல்ல தோராயம்தான்.

சர்க்கரைக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு புது மூடநம்பிக்கையைக் கிளப்பிவிட்டவன் ஆவேன். சர்க்கரைக்கு மின்சுமை இல்லை. பத்து சதவீத சர்க்கரைக் கரைசலின் தன்வெப்பம் 3.9-ஐ ஒட்டி இருக்கும், அதாவது 100 கிராமுக்கு 390 சொச்சம் ஜூல். 376-க்கும் 418-க்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. யூரியாவும் கிட்டத்தட்ட இந்த ஜாதிதான். ஆகவே "எதனுடைய நிறை" என்ற கேள்விக்கே ஒரே பதில் கிடையாது. கரைசலின் நிறையை எடுத்தால் கரைசலின் தன்வெப்பத்தை எடு; அது கையில் இல்லை, கரைந்தது உப்பு என்றால், தண்ணீர் நிறையோடு தண்ணீரின் தன்வெப்பத்தை எடு. கரைசலின் நிறையையும் தண்ணீரின் தன்வெப்பத்தையும் ஜோடி சேர்ப்பதுதான் மூன்றிலும் மோசமான கலப்பு, அதுதான் நிறைய இடத்தில் அச்சில் இருக்கிறது.

அப்படியானால் 35.1 எப்படிப் பொருந்தியது?

வெடியுப்பு கரைவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அவசரப்படாது. கப்பின் அடியில் ரவைச் சர்க்கரை மாதிரி படிந்து கிடக்கும், கலக்கக் கலக்க மெல்லக் காணாமல் போகும். அதற்குள் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் ஓடிவிடும். அறையில் 30 டிகிரி, கப்பில் 26 டிகிரி என்றால் அந்த நேரம் முழுக்க வெளியிலிருந்து வெப்பம் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். தெர்மாமீட்டர் அடிமட்டத்தைத் தொட்டு, ஒரு கணம் நின்று, மறுபடி ஏற ஆரம்பிக்கும். அந்த அடிமட்டத்தைத்தான் பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். கசிவே இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

இதைச் சரிக்கட்டுகிற முறை பழையது, எளிதானது, ஆனால் பொறுமை கேட்கும். உப்பைப் போடுவதற்கு முன்பே அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். போட்ட பிறகும் குறிக்க வேண்டும், அடிமட்டத்தைத் தாண்டி மெல்ல ஏறுகிற பகுதியையும் விடாமல். எல்லாவற்றையும் கிராஃப் தாளில் போட்டு, ஏறுகிற கோட்டை ஸ்கேல் வைத்துப் பின்னோக்கி நீட்டி, உப்பைப் போட்ட நேரத்தில் அது எங்கே வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும். லேபில் வெடியுப்பு பாட்டில் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதையும் பத்தில் ஒரு டிகிரி காட்டுகிற தெர்மாமீட்டரையும் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போய், சாப்பாட்டு மேஜையில் வைத்துச் செய்தோம். ஃபேனை அணைக்கச் சொன்னதற்கு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. நேரடியாகப் பார்த்தால் அதே 4.0. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் 4.1. தண்ணீரின் நிறையை மட்டும் எடுத்துப் போட்டால் 34.3 கிலோஜூல்.

அவள் உடனே கேட்டாள், "அப்பவும் 34.9 வரலியே மாமா?" வராது, வரவும் கூடாது. புத்தகத்தில் இருக்கிற 34.9 என்பது எல்லையில்லாத அளவு தண்ணீரில் ஒரு மோல் கரைந்தால் என்ற கணக்கு. நிஜத்தில் இருக்கிற தண்ணீருக்கு எல்லை உண்டு. எவ்வளவு தண்ணீரில் கரைக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண் நகரும். வெடியுப்புக்கு, கரைசல் அடர்த்தியாக ஆக எண் குறையும். அதனால் நம் 100 மில்லி கப்புக்கு 34.9-க்குக் கொஞ்சம் கீழே வருவதுதான் முறை. ஆக, அவளுடைய 35.1-க்குள் விடையைக் குறைக்கிற தப்பு ஒன்று, கசிவு. கூட்டுகிற தப்பு ஒன்று, 105. இரண்டும் முட்டிக்கொண்ட இடத்தில் புத்தக எண் தற்செயலாக நின்றுகொண்டிருந்தது, டிக் விழுந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் படித்தபோது இதையே கண்ணாடி பீக்கரில் செய்தோம். கண்ணாடியின் தன்வெப்பம் கிராமுக்கு 0.8 ஜூலை ஒட்டி. 80 கிராம் எடையுள்ள பீக்கர் என்றால் அது தனியாகவே டிகிரிக்கு 60 ஜூலுக்கு மேல் கேட்கும். ஐந்து கிராம் உப்பைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நாம் அடித்துக்கொள்வது 21 ஜூலுக்கு! பீக்கரைக் கணக்கில் சேர்க்காமல் உப்பின் நிறைக்காக மார்க் குறைக்கிற செய்முறை வகுப்புகளை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. தெர்மோகோல் கப்பு அந்த வகையில் நல்லது, எடையே இல்லை, அதன் பங்கை மறந்தால் பாவமில்லை.

எண் ஏன் இவ்வளவு சின்னது

உப்புக்கு உப்பு இந்த எண் மாறுவதைப் பார்த்தால் முதலில் ஒரு ஒழுங்கும் தெரியாது. சமையல் உப்பு மோலுக்கு 3.9 கிலோஜூல் உறிஞ்சுகிறது, அதனால்தான் குழம்புக்கு உப்புப் போட்டால் குளிர்ந்தது என்று யாரும் சொன்னதில்லை. நவச்சாரம் 14.8, பொட்டாஷ் உரமாக வருகிற பொட்டாசியம் குளோரைடு 17, அம்மோனியம் நைட்ரேட் 25.7. எதிர்ப்பக்கம் காஸ்டிக் சோடா 44.5 கிலோஜூலை வெளியே விடுகிறது, நீரற்ற கால்சியம் குளோரைடு 81. இதன் பின்னால் இரண்டு பெரிய எண்கள் இருக்கின்றன. சமையல் உப்பின் படிகத்தைக் குலைத்து அயனிகளைத் தனித்தனியாகப் பிரிக்க மோலுக்கு 787 கிலோஜூல் வேண்டும். அந்த அயனிகளைத் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும்போது 783 திரும்பக் கிடைக்கிறது. நம் தெர்மாமீட்டருக்குத் தெரிவது மீதமுள்ள அந்த நாலு மட்டும்தான். 787-இலோ 783-இலோ ஒரு சதவீதம் இப்படி அப்படி ஆகியிருந்தால் சமையல் உப்பு கரையும்போது சூடாகியிருக்கும். ஆகவே உப்பின் பெயரைப் பார்த்து இது குளிரும், இது சுடும் என்று ஊகிப்பது வீண் வேலை, அளந்துதான் பார்க்க வேண்டும்.

பெயர் ஒன்றாக இருந்தும் குணம் தலைகீழாக மாறுவதற்கு எங்கள் பட்டறையிலேயே உதாரணம் உண்டு. சோடா ஆஷ், அதாவது நீரற்ற சோடியம் கார்பனேட், தண்ணீரில் கொட்டினால் சூடேறும், கவனிக்காமல் விட்டால் கட்டி தட்டிக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். அதே சோடியம் கார்பனேட்டை வாஷிங் சோடா படிகமாகப் போட்டால் தண்ணீர் நன்றாகக் குளிரும். முதலாவது மோலுக்கு ஏறக்குறைய 27 கிலோஜூலை விடுகிறது, இரண்டாவது 67-ஐ உறிஞ்சுகிறது. படிகத்துக்குள் ஏற்கெனவே பத்து மூலக்கூறு தண்ணீர் இருக்கிறது, அயனிகள் தண்ணீரோடு சேர்ந்த லாபத்தைப் படிகமாகும்போதே எடுத்துச் செலவழித்துவிட்டன. காப்பர் சல்பேட்டும் இப்படித்தான், வெள்ளைத் தூள் சுடும், நீலப் படிகம் லேசாகக் குளிரும். ஒன்று 66 கிலோஜூல் வெளியே, மற்றது ஏறக்குறைய 12 உள்ளே. இரண்டையும் அளந்துவிட்டால், நேரடியாக அளக்கவே முடியாத ஒன்று, வெள்ளைத் தூள் ஐந்து தண்ணீரைப் பிடித்து நீலமாகிற வெப்பம், 78 என்று கையில் கிடைத்துவிடும். எந்த வழியில் போனாலும் மொத்த வெப்பம் ஒன்றுதான் என்று 1840-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்துகொண்டு வேதியியலாளர் ஹெஸ் சொன்னதன் மிக மலிவான நிரூபணம் இது, இரண்டு கப்பும் ஒரு தெர்மாமீட்டரும் போதும். ஆனால் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மூடி சரியாக மூடாத நீரற்ற உப்பு பாட்டிலுக்குள் பாதி நீரேறிக் கிடக்கும், அதை வைத்து எடுத்த விடைக்கு எந்தச் சாமியும் பொறுப்பேற்காது.

கணக்குத் தப்பினால் ஆளைச் சுடுகிற இடம் காஸ்டிக் டிரம். 90 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ காஸ்டிக் ஃப்ளேக்ஸ் என்றால் 250 மோல், 11,000 கிலோஜூலுக்கு மேல். தண்ணீரின் நிறையை எடுத்தால் 30 டிகிரி போல ஏறும், கரைசலின் நிறையை எடுத்தால் 27. எதை எடுத்தாலும் கை வைக்க முடியாத சூடு, இங்கே அந்தச் சண்டைக்கு மதிப்பில்லை. ஆனால் யாராவது நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று 70 லிட்டரில் 30 கிலோவைக் கொட்டினால், இதே எளிய கணக்கு 30 டிகிரியில் ஆரம்பித்து நூறைத் தாண்டுகிறது. அது எல்லையில்லாத தண்ணீருக்கான எண்ணை வைத்துப் போட்டது, நிஜத்தில் குறைவாகத்தான் வரும். எவ்வளவு குறைவு என்று டிரம் பக்கத்தில் நின்று பார்க்க ஆசைப்பட வேண்டாம். தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. வீட்டில் தேங்காயெண்ணெய் சோப்பு போடுகிறவர்களுக்கும் இதேதான்.

அக்பரின் கூஜா

வெடியுப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததில் அயினி அக்பரி ஞாபகம் வந்தது. வெடிமருந்தில் சூட்டைக் கிளப்புகிற வெடியுப்பை அக்பர் தண்ணீர் குளிர வைக்கப் பயன்படுத்தினார் என்று அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் அந்த நூலில் எழுதி, செய்முறையையும் அளவோடு கொடுத்திருக்கிறார். ஒரு சேர் தண்ணீரை வெள்ளீயக் கலவையிலோ வெள்ளியிலோ செய்த கூஜாவில் ஊற்றி வாயை மூடு. ஒரு பாத்திரத்தில் இரண்டரை சேர் வெடியுப்பும் ஐந்து சேர் தண்ணீரும் போட்டு, அதற்குள் கூஜாவைக் கால் மணி நேரம் சுழற்று. கூஜாத் தண்ணீர் குளிர்ந்துவிடும். 1586 வாக்கில் அரசவை பஞ்சாப் பக்கம் போன பிறகு பனியும் ஐஸும் கிடைத்தன, அதுவரை இதுதான். நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சமையலறைக் குறிப்பில் எல்லா அளவும் இருக்கிறது, கணக்குப் போடாமல் விட மனசு வருமா?

விகிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், சேர் எத்தனை கிராம் என்ற சண்டை வேண்டாம். 100 கிராம் தண்ணீருக்கு 50 கிராம் வெடியுப்பு, கூஜாவில் 20 கிராம் தண்ணீர். எல்லாம் 30 டிகிரியில் ஆரம்பிக்கிறது என்று வைப்போம். 50 கிராம் கரைந்தால் 17 கிலோஜூல் உறிஞ்சும். குளிர வேண்டியது 120 கிராம் தண்ணீர், டிகிரிக்கு 502 ஜூல். வகுத்தால் 34 டிகிரி இறக்கம், அதாவது பூஜ்யத்துக்குக் கீழே நாலு. அக்பருக்குத் தண்ணீருக்குப் பதில் ஐஸ் கிடைத்திருக்க வேண்டும்! அபுல் ஃபசல் அரசரைப் புகழ ஒரு வாய்ப்பையும் விடாதவர், கூஜாவில் ஐஸ் வந்திருந்தால் எழுதாமல் இருந்திருப்பாரா? குளிரும் என்று மட்டும்தான் எழுதினார்.

கணக்கு எங்கே ஏமாற்றுகிறது என்றால், 50 கிராமும் கரையும் என்று எடுத்துக்கொண்ட இடத்தில். 30 டிகிரியிலேயே 100 கிராம் தண்ணீரில் 46 கிராம் வெடியுப்புதான் கரையும். 20 டிகிரியில் 32, 10 டிகிரியில் 21, பூஜ்யத்தில் வெறும் 13. கரையக் கரையக் குளிர்கிறது, குளிரக் குளிரக் கரைய மறுக்கிறது. ஓரிடத்தில் இரண்டும் சமாதானமாகி நிற்கும். எங்கே என்று கண்டுபிடிக்க ஒரே வரிச் சூத்திரம் போதாது, 20 கிராம் கரைந்தால் எத்தனை டிகிரி, அந்த டிகிரியில் எத்தனை கரையும், 25 என்றால் எத்தனை என்று தேடிக்கொண்டே போக வேண்டும். அக்கா மகள் கால்குலேட்டரோடு உட்கார்ந்து இந்த வேலையை ரசித்துச் செய்தாள். அடியில் கரையாமல் கிடக்கிற உப்பின் கொள்ளளவையும் சேர்த்துப் பார்த்தால், 24, 25 கிராம் கரைந்து 14, 15 டிகிரி வாக்கில் நிற்கிறது. பாத்திரத்தின் உலோகமும் வெளிக்கசிவும் இதில் இல்லை. மே மாத வெயிலில் 15 டிகிரித் தண்ணீர் ஒரு அரசருக்கு நிச்சயமாக விசேஷம்தான்.

"பாதி உப்பு கரையவே இல்லையே, சும்மா வேஸ்ட் பண்ணியிருக்காங்க" என்றாள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. கரைந்ததைக் காய்ச்சி மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்பதால் வீண் என்று சொல்ல முடியாது, ஆனாலும் எதற்கு இரண்டரை சேர், ஒன்றே கால் போதாதா? பிறகு கால் மணி நேரம் என்ற சொல் இடித்தது. அந்தக் கால் மணி நேரமும் வெயில் காலக் காற்று பாத்திரத்துக்குள் வெப்பத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கரையாத உப்பு இல்லாவிட்டால் 14-லிருந்து 20 டிகிரிக்கு ஏற 3 கிலோஜூல் போதும். அடியில் உப்பு கிடந்தால், வெப்பநிலை கொஞ்சம் ஏறியதும் இன்னும் கொஞ்சம் உப்பு கரைய இடம் கிடைக்கிறது, அது கரைந்து வந்த வெப்பத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. 14-க்கும் 20-க்கும் நடுவில் மட்டும் 7 கிராம் கூடுதலாகக் கரையும், அடர் கரைசலில் எண் குறையும் என்பதை விட்டுக்கொடுத்தாலும் அது ஏறக்குறைய 2 கிலோஜூல். அதே ஆறு டிகிரி ஏற இப்போது ஐந்தை ஒட்டி வேண்டும், ஒன்றரை மடங்குக்கும் மேல். அரண்மனைத் தண்ணீர்க்காரர் ஒன்றே கால் சேரில் நிறுத்தியிருந்தால் கூஜா இதே அளவுக்குக் குளிர்ந்திருக்கும், சபைக்குள் கொண்டுபோய் வைப்பதற்குள் சூடேறவும் ஆரம்பித்திருக்கும்.